இத்தாலியரின் இன வேர்கள்: குருதி ஒரு வழி, மொழி ஒரு வழி

ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே நீளும் தீபகற்பத்தையும் சிசிலி, சார்டினியா ஆகிய பெருந்தீவுகளையும் தாயகமாகக் கொண்டவர்கள் இத்தாலியர். இவர்களின் மூதாதையர் யார் என்று கேட்டால், ரோமானியர் என்று ஒரே சொல்லில் பதில் சொல்வது நெடுங்கால வழக்கம். அந்தப் பதில் போதாது. அண்மை ஆண்டுகளின் தொல்மரபணு ஆய்வுகளைக் கல்வெட்டு, சட்டம், மொழி ஆகியவற்றின் சான்றுகளோடு சேர்த்துப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. இத்தாலியில் குருதி பெருமளவு மாறிய காலத்தில் மொழி மாறவில்லை. மொழி மாறிய இடங்களில் குருதி அதே அளவு மாறவில்லை. இரண்டும் தனித்தனி வழியில் நடந்திருக்கின்றன. ஆகவே ஓர் ஆதிக்குடியைத் தேடிப் போகிறவருக்கு இத்தாலியில் அது கிடைக்காது. குடியுரிமையும் சமயமும் மொழியும் திரும்பத் திரும்ப ஒன்றுசேர்த்த பல குடிகளே கிடைக்கும்.

தொல்பழங்காலத்தில் மூன்று பெரும் அடுக்குகள் இங்கே படிந்தன. பனியுகத்தைக் கடந்து பிழைத்த வேட்டைக்குடிகள் முதல் அடுக்கு. கி.மு. 6000 வாக்கில் அனத்தோலியாவிலிருந்து பரவி வந்த உழவர்கள் இரண்டாவது. கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டின் பிற்பகுதியிலிருந்து ஸ்டெப்பிப் புல்வெளி மரபோடு வடக்கிலிருந்து வந்து கலந்தவர்கள் மூன்றாவது. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்டு இன்று போல்சானோ அருங்காட்சியகத்தில் உள்ள ‘ஓட்சி’ என்ற மனிதன், ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். அவனுடைய மரபணுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அனத்தோலிய உழவர் வழி வந்தது. இன்றைய மக்களில் அவனுக்கு மிக நெருங்கியவர்கள், அவன் இறந்து கிடந்த மலைப்பகுதிக்காரர்கள் அல்லர்; கடல் தாண்டி வாழும் சார்டினியர்கள். மூன்றாவது அடுக்கு சார்டினியாவை மிக மெலிதாகவே தொட்டதுதான் காரணம். நுராகே என்னும் கற்கோபுரங்களைக் கட்டியவர்களின் வழி அத்தீவின் உள்நாட்டு ஊர்களில் இன்றும் வலுவாக நிற்கிறது. ஆனால் அங்கே பேசப்படும் சார்டு மொழி இலத்தீனின் நேர்மகள். இலத்தீனின் பழைய ஒலிகள் பலவற்றை இத்தாலிய மொழியைவிட நன்றாகக் காத்துவைத்திருப்பது. ஐரோப்பாவிலேயே மிகப் பழைய குருதி வழிகளில் ஒன்று, பின்னாளில் வந்தேறிய மொழியைப் பேசுகிறது.

இரும்புக்காலத் தீபகற்பத்தில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று கணக்கிட்டால் தலை சுற்றும்: வடமேற்கில் லிகூரியர், வடகிழக்கில் வெனெத்தியர், போ சமவெளியில் கெல்த்தியர், நடுநாட்டில் எட்ருஸ்கரும் உம்பிரியரும் இலத்தீனியரும், மலைநாட்டில் ஒஸ்க மொழி பேசிய சாம்னைத்தர், தீபகற்பத்தின் தென்கிழக்குக் குதிகாலில் மெசாப்பியர், தென்கடற்கரை நெடுகிலும் கிரேக்கக் குடியேற்றங்கள், தீவுகளில் பினீசியர். இவர்களில் எட்ருஸ்கரைப் பற்றிய தகராறு 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. சிறிய ஆசியாவின் லிதியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்றார் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ். மண்ணின் மைந்தர்களே என்றார் ஆலிக்கர்னாசஸ் ஊரினரான தியோனிசியஸ். எட்ருஸ்க மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேராதது என்பதால் எரோடோட்டஸ் பக்கமே பலர் சாய்ந்தனர். 2021இல் வெளியான ஆய்வொன்று கி.மு. 800க்கும் கி.பி. 1000க்கும் இடைப்பட்ட 82 பேரின் எலும்புகளைப் பரிசோதித்தது. அண்டை அயலாரான இலத்தீனியருக்கு இருந்த அதே உள்ளூர் மரபே எட்ருஸ்கருக்கும் இருந்தது. ஸ்டெப்பி வழிக் கலப்புகூட இருவரிடமும் இருந்தது. ஆக, தைபர் ஆற்றின் இரு கரையிலும் வாழ்ந்தவர்கள் உடலால் உறவினர், நாவால் அந்நியர். மொழியை வைத்து இனத்தைக் கணிக்கும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இவர்களை ஒரே மக்களாக்கியது எது? போர்களைவிடக் குடியுரிமையே அதிகம் செய்தது. அந்தக் குடியுரிமையோ போரிட்டுப் பெறப்பட்டது. கி.மு. 91இல் ரோமின் நேச நாட்டார், படைக்கு ஆள் கொடுத்தும் உரிமை கிடைக்காத ஆத்திரத்தில் கிளர்ந்தெழுந்தார்கள். கோர்ஃபீனியம் என்ற மலைநாட்டு ஊரைத் தலைநகராக்கி ‘இத்தாலிக்கா’ என்று பெயரிட்டார்கள். தங்கள் காசுகளில் இத்தாலி என்ற பெயரை இலத்தீனிலும், ‘விதெலியு’ என்று ஒஸ்க மொழியிலும் பொறித்தார்கள். காளையொன்று ஓநாயை முட்டிச் சாய்க்கும் உருவமும் அக்காசுகளில் உண்டு. ஓநாய் ரோமின் சின்னம். இத்தாலி என்ற பெயர் அரசியல் கொடியானது ரோமுக்கு எதிராகத்தான் என்பதை, ரோமையும் இத்தாலியையும் ஒன்றாகவே எண்ணிப் பழகியவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். போர்க்களத்தில் ரோம் வென்றது. ஆனால் கேட்ட உரிமையைக் கி.மு. 90இலிருந்து கொடுத்தும்விட்டது. கி.மு. 49இல் ஆல்ப்ஸ் அடிவாரம் வரை அது விரிந்தது. அதன் பிறகுதான் ஒஸ்கமும் எட்ருஸ்கமும் மெல்ல மறைந்தன. பேசியவர்கள் அழியவில்லை, பிள்ளைகளுக்கு இலத்தீனைக் கொடுத்தார்கள். ரோமின் முதற்பெருங்கவிகளுள் ஒருவரான எண்ணியுஸ் கிரேக்கம், ஒஸ்கம், இலத்தீன் என மூன்று மொழி அறிந்தவர். தமக்கு மூன்று இதயங்கள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார். இலத்தீனின் பெருங்கவி வெர்ஜிலும் ரோமானியரல்லாத ஊர்க்காரர்தான், மாந்துவாக்காரர்; வரலாற்றாசிரியர் லிவி பதுவாக்காரர். கி.பி. 48இல் காலியர்களைச் செனட்டில் சேர்க்கலாமா என்ற வாதம் எழுந்தபோது, ரோமின் பழைய அரசர்களில் சபைன் நாட்டாரும் கொரிந்து நகரத்தானின் மகனும் இருந்ததைப் பேரரசர் கிளாடியஸ் எடுத்துக்காட்டினார். அவ்வுரை பொறித்த வெண்கலத் தகடு லியோன் நகரில் 1528இல் கிடைத்தது.

பேரரசுக் காலத்தில் குருதியே மாறியது. ரோமையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 127 பழங்கால மனிதர்களை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, முதல் மூன்று நூற்றாண்டுகளில் மக்கள்தொகையின் மரபு கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியை நோக்கிப் பெரிதும் சாய்ந்ததைக் காட்டியது. கிரேக்கம், சிரியா, அனத்தோலியா ஆகிய நாடுகளிலிருந்து வணிகர், போர்வீரர், எல்லாரையும்விட அடிமைகள் வந்தனர். முறைப்படி விடுவிக்கப்பட்ட அடிமை குடிமகனாகிவிடுவான் என்ற ரோமானிய வழக்கம் அவர்களை வந்தேறிகளாகவே நிறுத்திவைக்காமல் முன்னோர்களாக்கியது. இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும்: தலைநகரத்தின் கல்லறைகளை வைத்து நாட்டையே எடைபோடலாமா? ரோம் எல்லாக் காலத்திலும் வெளியூராரின் நகரம் அல்லவா? ஆட்சேபத்தில் பாதி சரி; மாற்றத்தின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டிருக்கும். ஆனால் முன்சொன்ன 82 பேரின் ஆய்வு பண்டைய எட்ருஸ்க நாட்டிலும் இதே திருப்பத்தைக் கண்டது. ஏறத்தாழ 800 ஆண்டுகள் நிலையாக இருந்த அந்நாட்டு மரபில் பாதியளவு, பேரரசுக் காலத்தில் கிழக்கிலிருந்து வந்தவர்களுடையதாகியது. இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு நடுவிலும் இலத்தீன் அசையவில்லை. வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இலத்தீனிலேயே வழக்காடினார்கள், இலத்தீனிலேயே புதைக்கப்பட்டார்கள்.

இதற்கு மாறாக, சிறு தொகையினராக ஆள வந்தவர்கள் லொம்பார்டுகள். 568இல் அல்போயின் தலைமையில் ஆல்ப்ஸைக் கடந்து வந்த இந்தச் செருமானியக் குடி இருநூறு ஆண்டுகள் ஆண்டது. டூரின் அருகே கொலெஞ்ஞோ இடுகாட்டை ஆராய்ந்தவர்கள், ஆயுதமும் அணியும் வைத்துப் புதைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நடு, வட ஐரோப்பிய மரபினர் என்றும், வெறுங்குழியில் கிடந்தவர்கள் பெரும்பாலும் தென் ஐரோப்பிய மரபினர் என்றும் கண்டார்கள். ஆண்டவர்கள் சிறுபான்மையினர்தான். ரோத்தாரி மன்னன் 643இல் தன் குடியின் வழக்குகளை இலத்தீனில்தான் எழுதிவைக்க வேண்டியிருந்தது. லொம்பார்டியா என்ற மாநிலப் பெயரும் சில நூறு சொற்களும் தங்கின, மொழி தங்கவில்லை. சிசிலியில் 827இல் இறங்கிய வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் அரபு மொழியையும் பாசன முறைகளையும் கொண்டுவந்தார்கள். நார்மானியர் 1061இலிருந்து முப்பது ஆண்டுகளில் தீவைப் பிடித்தபின், பதின்மூன்றாம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரடெரிக் எஞ்சிய முஸ்லிம்களை அப்புலியாவின் லுச்சேராவுக்கு நாடுகடத்தினார். அங்கிருந்த அவர்களின் குடியிருப்பு 1300இல் அழிக்கப்பட்டது. கலப்பு இயல்பாக நடந்தது என்று மட்டும் எழுதினால் அது பொய்யாகும்; துரத்தியடிப்பும் இந்த வரலாற்றின் பகுதி.

வடக்கு, தெற்கு என்ற பிளவையே இரண்டு இனங்களின் பிளவாகக் காட்டும் வாதம் இன்றும் ஓயவில்லை. 1898இல் அல்ஃபிரெதோ நிச்சேஃபோரோ தென்னாட்டாரின் வறுமைக்கு அவர்களின் இனமே காரணம் என்று எழுதினார். அவரே சிசிலியில் பிறந்தவர். இத்தாலியருக்குள் காணும் மரபணு வேறுபாடு மிகப் பெரியது என்பது உண்மைதான்; தொலைதூர ஐரோப்பிய நாடுகளுக்கிடையே காணும் அளவுக்கு அது விரிகிறது. ஆனால் அது படிப்படியாகச் சரியும் வேறுபாடு. இன்ன இடத்தில் ஓரினம் முடிந்து மற்றோரினம் தொடங்குகிறது என்று கோடு போட இடமில்லை. வேறுபாடு வேறு குடியேற்றத்தால்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. மரபியலாளர் லூக்கா கவாலி-ஸ்போர்சா பார்மா பள்ளத்தாக்கின் தேவாலயப் பங்குப் பதிவேடுகளையும் இரத்த வகைகளையும் ஒப்பிட்டு, சமவெளி ஊர்களைவிடச் சின்னஞ்சிறு மலையூர்கள் தம்முள் அதிகம் வேறுபடுவதைக் காட்டினார். சில நூறு பேர் தமக்குள்ளேயே மணமுடித்துவந்ததன் விளைவு அது. 1938 ஜூலையில் வெளியான பாசிச ‘இன அறிக்கை’ இதையெல்லாம் தலைகீழாக்கியது. லொம்பார்டுகளுக்குப் பின் குறிப்பிடத்தக்க மக்கள் வரவே இல்லை, இத்தாலியர் தூய ஆரியர், யூதர்கள் இத்தாலிய இனம் அல்லர் என்று அது அறிவித்தது. ரோம் நகர யூதர்களோ கி.மு. இரண்டாம் நூற்றாண்டு முதல் அங்கே வாழ்பவர்கள். லொம்பார்டுகளைவிட ஏறத்தாழ 700 ஆண்டுகள் மூத்தவர்கள். 1943 அக்டோபர் 16இல் ஜெர்மானியப் படை ரோமில் வளைத்துப் பிடித்து ஆஷ்விட்சுக்கு அனுப்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் 16 பேரே திரும்பினர். இன வேர் பற்றிய தவறான ஒரு கூற்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்த எண் சான்று.

இவ்வளவு கலப்பு என்றால் இத்தாலியர் என்று ஒரு மக்களே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள், பிறப்பால் ஆனதைவிடச் செயலால் ஆனவர்களாக இருக்கிறார்கள். 1861இல் நாடு ஒன்றானபோது இத்தாலிய மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர் என்று மொழியியலாளர் துல்லியோ தே மவுரோ மதிப்பிட்டார். பத்துப் பேர்வரை இருக்கலாம் என்பது மற்றொரு மதிப்பீடு. பள்ளியும் கட்டாயப் படைப்பணியும், 1950களில் தெற்கிலிருந்து டூரின், மிலான் தொழிற்சாலைகளுக்கு நகர்ந்த பெருங்கூட்டமும், 1954இல் தொடங்கிய தொலைக்காட்சியும் சேர்ந்து அம்மொழியை வீட்டுமொழியாக்கின. ஒன்றாகாமல் தனித்து நின்றவையும் உண்டு: சலெந்தோவில் கிரேக்கம், அல்பேனியத் தலைவர் ஸ்கந்தர்பெக் 1468இல் இறந்தபின் பெருகிவந்த அகதிகளின் அல்பேனியம், முதல் உலகப்போருக்குப் பின் இணைக்கப்பட்ட தென் திரோலில் ஜெர்மன். 1999ஆம் ஆண்டின் 482ஆம் எண் சட்டம் இத்தகைய பன்னிரண்டு சிறுபான்மை மொழிகளை ஏற்கிறது.

இப்போது இன்னோர் அடுக்கு படிந்துகொண்டிருக்கிறது. ருமேனியர், அல்பேனியர், மொராக்கோ நாட்டார், சீனர் எனப் பலராக 50 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டவர் இத்தாலியில் வசிக்கிறார்கள். சிசிலியின் பலெர்மோவில் 1980களிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் வேரூன்றியிருக்கிறார்கள். அந்நகரின் காவல் புனிதை ரோசலியாவின் மலைக்கோயிலுக்குக் கத்தோலிக்கரோடு சைவர்களும் ஏறிச் சென்று நேர்ந்துகொள்கிறார்கள். சட்டம் மட்டும் குருதியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. 1992ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, கொள்ளுப்பாட்டன் இத்தாலியர் என்று நிறுவினால் மொழியறியாத அர்ஜென்டினக்காரரும் குடியுரிமை கோர முடிந்தது. பலெர்மோவில் வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறந்து அங்கேயே படித்த பிள்ளை 18 வயது வரை காத்திருக்க வேண்டும். 2025இல் வம்சாவளி உரிமை பெரும்பாலும் பிள்ளை, பேரன் அளவோடு சுருக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில், வெளிநாட்டவர் குடியுரிமை கோர வசிக்க வேண்டிய காலத்தைப் பத்திலிருந்து ஐந்து ஆண்டாகக் குறைக்கும் பொதுவாக்கெடுப்பு நடந்தது. பாதிக்கு மேற்பட்டோர் வாக்களித்தால்தான் அது செல்லும். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானோரே வந்ததால் அது செல்லாமல் போனது.