கடைமடைக்கு வராத சிப்பாய்: கிழக்குத் தஞ்சையில் குடியாட்சியும் ஆயுதக் காவலும், 1948–1952

அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளில் பாகிஸ்தான் 1958-லும் பர்மா 1962-லும் படைத்தலைவர்களின் கைக்குப் போயின, இந்தியா போகவில்லை. இதற்குக் காரணம் தேடிய ஆய்வாளர்கள் படையின் இனக் கலவையையும் காங்கிரசின் வேர்ப்பிடிப்பையும் நேருவின் ஆளுமையையும் எடுத்துக்காட்டுவர். அவை தில்லியிலிருந்து நோக்கும்போது புலப்படுபவை. காவிரிப் பாசனத்தின் கடைமடையிலிருந்து நோக்கினால், படையிடம் போயிருக்கக்கூடிய வேலையைக் குடியாட்சி தன் காவல் படையைக் கொண்டே செய்துகொண்டது என்பது தெரியவரும்.

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் வட்டங்களில் நிலம் மிராசுதார்கள், மடங்கள், கோயில்கள் ஆகியோரிடம் குவிந்திருந்தது. அதில் உழைத்தவர்கள் வாரத்துக்குப் பயிரிட்ட குத்தகையாளர்களும், தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையோடு பிணைக்கப்பட்டுச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாகப் பெற்ற பண்ணையாள்களும் ஆவர். 1943-இல் தென்பரையில் தொடங்கி, பி. சீனிவாசராவ் முதலியோர் கட்டிய செங்கொடிச் சங்கம் இவ்விரு பிரிவினரையும் ஒன்றுசேர்த்தது. சுதந்திரத்துக்குப் பின் அச்சங்கத்தை எதிர்கொள்ள மாகாண அரசு அனுப்பியது மலபார் ஸ்பெஷல் போலீசை.

அப்படையின் பிறப்பை நோக்கினால் விவாதம் தெளிவாகும். 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சியை அடக்க இராணுவத்தையே இறக்க நேர்ந்த ஆங்கில அரசு, அடுத்த முறை அந்நிலை வாராதிருக்கும்பொருட்டு, கம்பெனி கம்பெனியாகப் பிரிக்கப்பட்டு, சுபேதார், ஜமேதார் என்னும் படைப் பதவிகளோடு முகாமில் வாழும் காவல் பிரிவாக அதை வளர்த்தது. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 129-ஆம் பிரிவில், கலையாத கூட்டத்தைக் கலைக்கப் படையை அழைக்கும் அதிகாரத்தை மாஜிஸ்திரேட்டுக்கு வழங்கியிருந்தது. ஆனால் படைக்கு ஒப்பான ஒன்று கலெக்டரின் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தபோது அப்பிரிவைத் தொட வேண்டிய தேவை குறைந்தது. இதோடு, விசாரணையின்றிச் சிறையிலிடும் பொது ஒழுங்குச் சட்டமும், 1949-இல் மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சிமீது விதிக்கப்பட்ட தடையும் சேர்ந்தன. செங்கொடி இயக்கத்தைச் சேர்ந்த இருவர், மலேயாவிலிருந்து திரும்பியிருந்த வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும், 1950 மே மாதத்தில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அதற்கு ஓராண்டு முன்பு, 1949 மே 4 அன்று, தஞ்சை மண்ணில் பிறந்த தொழிற்சங்கத் தலைவர் மலேயா கணபதி கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார்; துப்பாக்கி வைத்திருந்ததற்கே மரண தண்டனை விதித்த நெருக்கடிநிலை விதிகள் 1948 முதல் அங்கு நடப்பில் இருந்தன. அந்நிய ஆட்சி நீடித்த மலேயாவிலும் அது நீங்கிய தஞ்சையிலும் ஒரே வட்டாரத்து இளைஞர்கள் ஏறத்தாழ ஒரே வகையான ஆட்சிக் கருவிகளால் மடிந்தனர் என்பதை இந்தியக் குடியாட்சியின் வரலாற்றாசிரியர்கள் அரிதாகவே கருத்தில் கொள்கின்றனர்.

எனினும் வேறுபாடு இல்லாமலில்லை. தஞ்சையில் வாக்குச்சீட்டு வந்தது. 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் பெரும்பான்மை இழந்தது. தடை நீங்கிய கம்யூனிஸ்டுகள் டெல்டாவிலும் வென்றனர். கம்யூனிசத்தைத் தம் முதல் எதிரியாக அறிவித்த முதலமைச்சர் இராஜாஜியே அவ்வாண்டு ஆகஸ்டில் தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தார். குத்தகையாளருக்கு விளைச்சலில் 40 விழுக்காடு உறுதியாயிற்று. பண்ணையாளை நினைத்தபோது நீக்குவது தடைப்பட்டது. பாகிஸ்தானின் படைத்தலைவர்கள் 1958-க்குப் பின் நிலச்சீர்திருத்தத்தைத் தம் ஆட்சிக்கு நியாயமாகக் காட்ட முடிந்ததென்றால், சென்னையில் அந்த நியாயத்தைக் குடியாட்சி, அரைகுறையாகவேனும், முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டது.

அரைகுறை என்பது மிகையன்று. ஒரே கிராமத்தில் ஒரு வேலி, அதாவது 6⅔ ஏக்கர் வரை நன்செய் வைத்திருந்தோரை அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. பெயர்களைப் பிரித்தெழுதித் தப்புவது மிராசுதார்களுக்கு அரிதாக இருக்கவில்லை. பண்ணையாள் முறை தளர்ந்து தினக்கூலி பரவியபோது தகராறு கூலியின்மேல் திரும்பியது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டபோது, கோட்டையில் இருந்தது மக்கள் வாக்களித்து அமைத்த அரசுதான்.