மாநில நெடுஞ்சாலை 71 (தமிழ்நாடு)

மாநில நெடுஞ்சாலை 71 (மா.நெ. 71) என்பது தமிழ்நாட்டில் முசிறியையும் சேதுபாவாசத்திரத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஆகும். காவிரியின் வடகரையில் தொடங்கி, பாக்கு நீரிணைக் கடற்கரையில் முடிவடையும் இச்சாலை திருச்சிராப்பள்ளி, கரூர், புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய மாவட்டங்கள் வழியே செல்கிறது.

== வழித்தடம் ==

முசிறி - குளித்தலை - மணப்பாறை - விராலிமலை - இலுப்பூர் - அன்னவாசல் - புதுக்கோட்டை - ஆலங்குடி - பேராவூரணி - சேதுபாவாசத்திரம்.

முசிறிக்கும் குளித்தலைக்கும் இடையில் சாலை பாலத்தின் வழியாகக் காவிரியைக் கடக்கிறது.

== முக்கிய சந்திப்புகள் ==

பழைய எண்கள் அடைப்புக்குறிக்குள் தரப்பட்டுள்ளன.

* முசிறி: திருச்சிராப்பள்ளி - நாமக்கல் சாலை
* குளித்தலை: தே.நெ. 81 (67), கரூர் - திருச்சிராப்பள்ளி
* மணப்பாறை: தே.நெ. 83 (45), திருச்சிராப்பள்ளி - திண்டுக்கல்
* விராலிமலை: தே.நெ. 38 (45பி), திருச்சிராப்பள்ளி - மதுரை
* புதுக்கோட்டை: தே.நெ. 336 (210), திருச்சிராப்பள்ளி செல்வது; தே.நெ. 36 (226), தஞ்சாவூர் - மானாமதுரை
* சேதுபாவாசத்திரம்: கிழக்குக் கடற்கரைச் சாலை

== முக்கியத்துவம் ==

இப்பகுதியின் பெருஞ்சாலைகள் பலவும் திருச்சிராப்பள்ளியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ பிரிந்து செல்பவை. மா.நெ. 71 அவ்விரு நகரங்களையும் தொடாமல் அச்சாலைகளைக் குறுக்காக இணைக்கிறது. குளித்தலை, மணப்பாறை, புதுக்கோட்டை, பேராவூரணி ஆகிய ஊர்களில் தொடருந்து நிலையங்கள் உள்ளன. ஆனால் அவை வெவ்வேறு இருப்புப் பாதைகளில் அமைந்தவை. இடையிலுள்ள விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல், ஆலங்குடி ஆகியவற்றுக்குத் தொடருந்து வசதி இல்லை. எனவே இவ்வூர்களின் மாணவர்களும் நோயாளிகளும் மாவட்டத் தலைநகருக்குச் செல்ல இச்சாலையையே பெரிதும் நம்பியுள்ளனர்.

== புதுக்கோட்டை மாவட்டப் பகுதி ==

விராலிமலையில் குன்றின் மீது முருகன் கோயில் அமைந்துள்ளது. இலுப்பூர், மாவட்டத்தின் மூன்று வருவாய்க் கோட்டங்களில் ஒன்றின் தலைமையிடம். அன்னவாசலுக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் சித்தன்னவாசலுக்குச் செல்லும் பிரிவு உள்ளது. அங்குள்ள சமணக் குடைவரையின் ஓவியங்கள் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகின்றன. ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில் சமணர் கற்படுக்கைகளும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் காணப்படுகின்றன.

புதுக்கோட்டைக்குக் கிழக்கே திருவரங்குளமும் வம்பனும் உள்ளன. வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. 'வம்பன் 8' முதலிய உளுந்து இரகங்கள் இவ்வூரின் பெயரைத் தாங்கியவை. ஆலங்குடியிலிருந்து பேராவூரணி வரையிலான பகுதி தென்னை, பலா, வாழை, மலர்ச் சாகுபடிக்குப் பெயர்பெற்றது.

== கஜா புயல் ==

2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், உள்நாட்டில் புதுக்கோட்டை வரை கடும் சேதத்தை ஏற்படுத்தியது. ஆலங்குடி, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் பெருமளவில் அழிந்தன. சாலைகளின் குறுக்கே மரங்களும் மின்கம்பங்களும் விழுந்ததால் பல ஊர்கள் துண்டிக்கப்பட்டன. நெட்டை இரகத் தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால், சாலை சீரான பின்னரும் உழவர்களின் இழப்பு நெடுங்காலம் நீடித்தது.