கிழங்கு வேகவைத்த கப்பல் மணி

மந்திர் மார்க்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தால் மணிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பிர்லா மந்திர், காளிபாரி, வால்மீகி மந்திர் என்று கோயில்கள். போன வாரம் அப்படி நடக்கும்போதுதான் செல்போனில் ஒரு ஃபார்வர்டு வந்தது. "ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நியூசிலாந்தை ஆண்ட தமிழன்! ஆதாரம் இந்த மணி!" எட்டிப் பார்த்த பையன் கேட்டான், "நெஜமாப்பா?"

மணி நிஜம். ஆண்டது கதை.

1836 வாக்கில், கிறிஸ்தவ மிஷனில் அச்சு வேலை பார்த்த வில்லியம் கொலென்சோ, நியூசிலாந்தின் வடக்கே ஃபாங்கரே பக்கம் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். பாத்திரம், உடைந்துபோன ஒரு வெண்கல மணி. அளவில் சின்னதுதான். புயலில் சாய்ந்த பெரிய மரத்தின் வேரடியில் கிடைத்ததாம். ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார் என்பார்கள்.

மணியில் போய்க் கிழங்கா என்று சிரிக்க வேண்டாம். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன் மாவோரிகளிடம் உலோகமும் இல்லை, மண்பானையும் இல்லை. குழி வெட்டி, சூடேற்றிய கற்களைப் போட்டு, மூடி, ஆவியில் வேகவைப்பார்கள். ஹாங்கி என்று பெயர். ரொட்டோருவாவுக்குப் போகிற சுற்றுலாப் பயணிகள் இன்றும் ஆசையாகச் சாப்பிடுவது அதைத்தான். அப்படிப்பட்ட இடத்தில் அடுப்பில் வைக்கத் தாங்கும் வெண்கலம் கிடைத்தால் விடுவார்களா? அந்த உருளைக்கிழங்கும் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்களில் வந்த விருந்தாளிதான்.

மணியில் இருப்பது தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பல் மணி என்று பொருள். ராஜா பெயர் எதுவும் இல்லை. நம் கடற்கரையில் கப்பல் வைத்திருந்த ஒரு முஸ்லிமின் பெயர். 500 வருஷப் பழசு என்பவர்கள் உண்டு; 17, 18ஆம் நூற்றாண்டு என்பவர்களும் உண்டு. கப்பலே அங்கே போனதா, மணி மட்டும் கைமாறிப் போனதா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கொலென்சோ எழுதிவைத்த உயில்படி அது அருங்காட்சியகத்துக்குப் போனது. இப்போது வெலிங்டனில், தே பாப்பாவில் இருக்கிறது.

எனக்கு வந்த ஃபார்வர்டில் சோழர் இருந்தார்கள், புலிக்கொடி இருந்தது. முகைதீன் பக்ஸ் இல்லை. வேருக்கடியில் கிடந்ததை எடுத்துக் காப்பாற்றிய அந்தப் பெண்களும் இல்லை.

பையன் இதே தெருவில் இருக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். அவனிடம் சொன்னேன்: "ஆளல்லடா. ஒரு பாய் கப்பலோட மணி. அதுல அவங்க கெழங்கு அவிச்சு சாப்பிட்டாங்க."

"இதுதான் நல்லா இருக்கு" என்றான்.