பாலன் குடில்

இயேசு பிறப்பை வண்ணச் சிற்றுருவங்களால் காட்டும் காட்சித்தளம். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசியின் புனித பிரான்சிஸ் அமைத்த தொழுவக் காட்சி இம்மரபு பரவ வழிவகுத்தது. மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவு உள்ளிட்ட இடங்களில் கத்தோலிக்க ஆலயங்களும் வீடுகளும் கிறிஸ்மஸ் காலத்தில் குடில் அமைக்கின்றன.

அமைப்பு: பலகைமேல் மணல் பரப்பப்படும். கசக்கிய தாளுக்குச் சாம்பல் வண்ணம் பூசினால் பாறை; முகம் பார்க்கும் கண்ணாடியின் விளிம்பை மணலால் மறைத்தால் குளம். கூரைக்கு வைக்கோலோ கிடுகோ பொருந்தும். பெரிய உருவங்களை முன்னும் சிறியவற்றைப் பின்னும் நிறுத்தினால் காட்சிக்கு ஆழம் கிடைக்கும். இங்கு கிறிஸ்மஸ் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வருவதால், வெளியில் அமைக்கும் குடிலுக்கு நீர் புகாத மேல்மறைப்பு வேண்டும்.

டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலி வரை தீவனத்தொட்டியை வெறுமையாக விடுவது மரபு. எல்லா உருவங்களும் அத்தொட்டியை நோக்கியே நிற்கும். பாலன் இயேசுவின் உருவம் அதில் வைக்கப்பட்டதும் காட்சி நிறைவுறும்.