மடிக்கணினி முதல் இல்லம் தேடிக் கல்வி வரை: கணக்கை யார் எடுப்பது?

பள்ளிக்கு ஒரு புதிய கருவி வரும்போதெல்லாம் அரசு இரண்டு எண்களைச் சொல்லும். எத்தனை கொடுத்தோம், எத்தனை கோடி செலவு செய்தோம். ஊருக்கு எத்தனை, சேரிக்கு எத்தனை என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லாது. பிரித்துக் கேட்பது நம் வேலை.

இந்த வேலையை நமக்குக் கற்றுக்கொடுத்தவர் அண்ணல் அம்பேத்கர். 1928இல் பம்பாய் மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோரின் கல்வி நிலை பற்றி சைமன் கமிஷனுக்கு அவர் ஓர் அறிக்கை கொடுத்தார். பள்ளி மாணவர்களின் மொத்தக் கணக்கை எடுத்து, எந்தச் சமூகத்துப் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வகுப்புவரை வந்தார்கள் என்று பிரித்துப் போட்டார். கல்வி வளர்ந்துவிட்டது என்ற பேச்சு அந்த அட்டவணைக்கு முன் நிற்கவில்லை. தொழில்நுட்பத் திட்டங்களையும் நாம் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் கொடுக்கப்பட்டன. நம் தெருக்களில் பல வீடுகளுக்கு முதன்முதலாகக் கணினி வந்தது அப்போதுதான். அதை நாம் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அது கிடைத்தது பிளஸ் டூ வரை வந்தவர்களுக்கும் கல்லூரிக்குப் போனவர்களுக்கும். எட்டாவதிலோ பத்தாவதிலோ படிப்பை விட்டு, சென்னைக்குக் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போன பிள்ளைகள் அந்த வரிசையிலேயே நிற்கவில்லை.

பெரு நாட்டில் பிள்ளைகளுக்குக் கணினி கொடுத்ததை 2012இல் மதிப்பிட்டார்கள். கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை. கருவி மட்டும் பாடம் நடத்திவிடாது.

2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தேர்வு வந்தது. தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்குப்படி, இந்தியாவின் கிராமப்புற வீடுகளில் 100க்கு 15இல்தான் இணைய வசதி, 100க்கு 4இல்தான் கணினி. திண்டிவனம் பக்கத்துக் காலனிகளில் நாங்கள் பார்த்ததும் அதுதான். வீட்டில் ஒரே போன். காலையில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி திரும்பி வரும்போது டேட்டா தீர்ந்திருக்கும், பிள்ளை தூங்கியிருக்கும்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1 அன்று. அதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 27இல், முதல்வர் மு.க. ஸ்டாலின் நம் விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கிவைத்தார். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். பெரும்பாலும் பெண்களான தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதை முறையாக மதிப்பிட்டவர்கள் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன். தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. இழப்பு ஏழைப் பிள்ளைகளைத்தான் அதிகம் தாக்கியிருந்தது. மாலை வகுப்புக்கு அதிகம் வந்ததும் அவர்கள்தான்.

மகிழ்ச்சியான செய்தி. ஆனாலும் எங்கள் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. மையம் எங்கே நடந்தது? ஊர்த் தெருவில் நடந்தால், விளக்கு வைத்த நேரத்துக்குப் பிறகு காலனிப் பெண்பிள்ளை எந்த வழியாக வீடு திரும்புவாள்? காலனியில் நடந்தால் ஊர்ப் பிள்ளைகள் வருவார்களா? 2013 ஏப்ரலில் தலித் வீடுகள் எரிக்கப்பட்ட மரக்காணத்துக்குப் பக்கத்தில் தொடங்கிய திட்டம் இது. இங்கே இந்தக் கேள்வி மிகையானது அல்ல.

இப்போது மறுபடியும் கருவிகளின் காலம். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி தருவதாக 2025 பட்ஜெட் சொன்னது. தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறைகள் வந்துகொண்டிருக்கின்றன. தோழர்களே, உங்கள் ஒன்றியத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்குத் தனிக் கணக்கு கேளுங்கள். எத்தனை கருவி வந்தது, எத்தனை ஓடுகிறது, பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு நேரில் போய், ஆய்வகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, விசைப்பலகையில் யார் கை படுகிறது, யார் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார்கள் என்று எழுதி வையுங்கள்.

ஒரு நோட்டும் பேனாவும் போதும். 1928இல் அண்ணல் மொத்தக் கணக்கைப் பிரித்துக் காட்டினார். நம் ஒன்றியத்தின் கணக்கை நாம்தான் பிரித்துக் காட்ட வேண்டும்.