சொத்துக் காப்பும் உயிர்ப்பலியும்

சொத்தைக் காக்க ஆயுதம் எடுக்கலாமா, எடுத்தால் எதுவரை போகலாம் என்ற கேள்விக்கு மிகப் பழைய சட்டங்களே விடை சொல்லியிருக்கின்றன. இரவில் கன்னமிடும்போது பிடிபட்ட திருடன் அடிபட்டுச் செத்தால் இரத்தப்பழி இல்லை, பொழுது விடிந்தபின் கொன்றால் பழி உண்டு என்பது விவிலியத்தின் யாத்திராகமம் 22ஆம் அதிகாரம் வகுத்த விதி. கி.மு. 450 அளவில் உரோமில் எழுந்த பன்னிரண்டு பலகைச் சட்டமும் இரவுத் திருடனைக் கொல்ல இடம் தந்தது. பகல் திருடனை, அவன் ஆயுதத்தால் எதிர்த்தால் மட்டுமே கொல்லலாம். இரவில் களவுபோன ஆட்டுக்கும் பகலில் களவுபோன ஆட்டுக்கும் விலை ஒன்றுதான். வேறுபடுவது வீட்டுக்காரனின் நிலை. இருட்டில் நுழைந்தவன் களவுக்கு வந்தானா கழுத்தறுக்க வந்தானா என்று அவனுக்குத் தெரியாது. கூவினாலும் ஆள் வர நேரமாகும். கொல்லும் உரிமையைத் தந்தது பொருளின் மதிப்பன்று, பொருளைத் தேடி வந்தவனால் உயிருக்கு நேர்ந்த அச்சம். இத்துறையின் பிற்கால வரலாறு பெரும்பாலும் இந்த அடிப்படையை மறந்ததும் மீண்டும் கண்டெடுத்ததுமே ஆகும்.

இதற்கு எதிர்ச்சான்றுகளும் உண்டு. வசிட்ட தருமசூத்திரம் ஆததாயிகள் என ஆறு பேரைச் சொல்கிறது: தீ வைப்பவன், நஞ்சிடுபவன், ஆயுதம் ஓங்கியவன், பொருளைப் பறிப்பவன், நிலத்தைப் பறிப்பவன், பிறன் மனைவியைக் கவர்பவன். ஆததாயியைக் கொன்றால் குற்றமில்லை என்பது மனுஸ்மிருதியின் நிலை. இங்கே பொருளும் நிலமும் உயிருக்குச் சமமாக நிற்கின்றன என்பதை மறுக்க முடியாது. எனினும் பட்டியலில் அவை யாரோடு சேர்த்து எண்ணப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். வன்முறையாளர் வரிசையில்தான் பறிப்பவனும் இருக்கிறான், ஒளித்தெடுக்கும் சில்லறைத் திருடன் அதில் இல்லை. இங்கிலாந்தில் ஜான் லாக் 1689இல் வெளிவந்த தம் அரசியல் நூலில், தன்னைச் சிறிதும் காயப்படுத்தாத வழிப்பறிக்காரனையும் கொல்லலாம் என்றார். ஆனால் பணப்பை அவர் காட்டிய காரணமன்று. என்னை வலிந்து தன் பிடிக்குள் கொண்டுவருபவன் பணத்தோடு நிற்பான் என்று நான் நம்ப வேண்டியதில்லை என்பதே அவர் வாதம். சொத்துரிமையின் தலையாய தத்துவ ஆசிரியரே சொத்தை மட்டும் வைத்து இந்த உரிமையை நிலைநாட்டவில்லை.

சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் 1765 முதல் 1769 வரை எழுதிய ஆங்கிலச் சட்ட விளக்கத்தில் வேறொரு அளவுகோல் இருக்கிறது: எந்தக் குற்றத்துக்கு அரசே மரணதண்டனை தருமோ, அதைத் தடுக்க மட்டுமே தனிமனிதன் கொல்லலாம். அன்றைய இங்கிலாந்தில் களவுகள் பலவற்றுக்குத் தூக்குத்தண்டனை இருந்ததால் இந்த அளவுகோல் தாராளமாகவே தோன்றியிருக்கும். தூக்கின் பட்டியல் சுருங்கச் சுருங்க, தனிமனிதன் கையிலிருந்த உரிமையும் சுருங்கியாக வேண்டியதாயிற்று. அந்தச் சுருக்கம் மிகத் தெளிவாகத் தெரிவது பொறித் துப்பாக்கியின் கதையில்.

கம்பியில் கால் தட்டினால் தானே வெடிக்கும்படி கட்டிவைக்கும் இந்தத் துப்பாக்கியை இலங்கைத் தமிழர் கட்டுத்துவக்கு என்பர். அங்கே பயிர்க்காவலுக்கும் வேட்டைக்கும் கட்டிய துவக்குகளால் மனிதர் இறப்பது இன்றும் நிற்கவில்லை. இங்கிலாந்தின் நிலப்பிரபுக்கள் திருட்டு வேட்டையைத் தடுக்கத் தங்கள் காடுகளில் இவற்றைப் பதித்தார்கள். கொட்டை பொறுக்கப் போய்ச் சுடப்பட்ட ஒருவர் தொடுத்த ஐலாட் எதிர் வில்க்ஸ் வழக்கில் (1820), எச்சரிக்கை இருப்பது தெரிந்தே நுழைந்தவருக்கு இழப்பீடு இல்லை என்று தீர்ப்பாயிற்று. எடின்பரோ ரிவ்யூ இதழில் எழுத்தாளர் சிட்னி ஸ்மித் இதைக் கடுமையாகச் சாடினார். அத்துமீறி நுழைந்தவனுக்கு நீதிபதியே தர முடியாத தண்டனையை ஒரு நிலக்காரன் இரும்பைக் கொண்டு எப்படித் தர முடியும்? 1827இல் நாடாளுமன்றம் பொறித் துப்பாக்கிகளைத் தடை செய்தது. இரவில் குடியிருப்பு வீட்டுக்குள் வைப்பதற்கு மட்டும் விலக்கு. தடைக்கு முன்பே நடந்த ஒரு சம்பவம் பற்றிய பேர்டு எதிர் ஹோல்புரூக் வழக்கில் அடுத்த ஆண்டு தீர்ப்பு வந்தது. பிரிஸ்டலுக்கு அருகே மதில் சூழ்ந்த தோட்டத்தில் விலையுயர்ந்த டியூலிப் பூச்செடிகள் வளர்ந்தன. முன்பு களவு நடந்ததால் தோட்டத்தை நடத்தியவர் துப்பாக்கி பொருத்தினார். திருடன் அகப்பட வேண்டும் என்பதற்காகவே எச்சரிக்கைப் பலகை வைக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து தப்பிய மயிலினப் பறவையைப் பிடித்துத்தரப் வெளிச்சம் இருக்கும்போதே மதிலேறிய இளைஞனின் முழங்கால் சிதைந்தது. இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்த தலைமை நீதிபதி பெஸ்ட், 1820இன் வழக்கில் எதிர்ப்பக்கம் நின்ற அதே நீதிபதிதான். காவலுக்கு ஆள் நின்றிருந்தால், பறவையைத் துரத்தி வந்தவன் என்று பார்த்ததும் அறிந்திருப்பான். பொறிக்குக் கண் கிடையாது. பழைய சட்டங்கள் தேடிய ‘உயிரச்சம்’ என்பது ஒரு மனிதன் அந்தக் கணத்தில் உணர்வது. ஆளில்லாத இடத்தில் அச்சப்படவும் ஆளில்லை. அமெரிக்காவின் அயோவா மாநில உச்ச நீதிமன்றமும் 1971இல், யாரும் குடியிராத பண்ணைவீட்டில் பொருத்திய துப்பாக்கியால் காலிழக்கும் நிலைக்குப் போன திருடனுக்கே 30,000 டாலர் தரும் தீர்ப்பை உறுதிசெய்தது. அவன் தேடிப் போனவை பழைய பாட்டில்களும் சாடிகளும்.

இந்தியாவில் மெக்காலேயின் வரைவிலிருந்து பிறந்த 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் இதைத் தெளிவாகவே வகுத்தது. சொத்தைக் காக்கும் உரிமையை 97ஆம் பிரிவு தந்தது. தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது, அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் இந்த உரிமையே இல்லை என்று 99ஆம் பிரிவு வேலி போட்டது. கொல்லும் அளவுக்குப் போகக்கூடிய நேரங்களை 103ஆம் பிரிவு எண்ணிச் சொன்னது: கொள்ளை, இரவில் கன்னமிடுதல், மனிதர் வாழும் அல்லது சொத்து வைக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல், மரணமோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்சவைக்கும் களவும் அத்துமீறலும். சொத்து வைத்த கிடங்கு இதில் இடம்பெற்றது ஒன்றுதான் என் வாதத்துக்குச் சற்று இடறுகிறது. தீ எங்கே பரவும் என்று யாரும் உறுதிகூற முடியாது என்பதே அதற்குத் தகுந்த சமாதானம். 1963இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பீகார் வழக்கில், தன் கழிப்பறையை அயலார் பயன்படுத்துவதைத் தடுக்க ஒருவர் வழியில் மின்சாரம் பாய்ந்த வெற்றுக் கம்பி கட்டினார். வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்துபோனதால் அங்கே போன அண்டைவீட்டுப் பெண் இறந்தார். சொத்துத் தற்காப்பு என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்துமீறி வந்தவர் என்பதால் ஒருவர் சட்டத்தின் காப்பை இழந்துவிடுவதில்லை.

காவல் நிலையம் பல கல் தொலைவில், ஒரே இரவில் காட்டுப்பன்றி அழித்த கடலைக்கொல்லையே குடும்பத்தின் ஆண்டு வருமானம். அந்த விவசாயியிடம் ‘பொருள்தானே’ என்று சொல்லலாமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் சட்டம் அவரைக் கைகட்டி நிற்கச் சொல்லவில்லை. விரட்டலாம், வந்தவன் திருடனானால் பிடித்துவைக்கலாம், கொல்லாத சூரியசக்தி வேலி போடலாம். வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்குத் திருப்பும்போது பன்றி மட்டுமல்ல, தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து வயல்காரரும் ஆபத்துக்கு உள்ளாகிறார். டெக்சாஸ் மாநிலச் சட்டம் இரவுக் களவைத் தடுக்கக் கொல்லவும் இடம் தருகிறதே, பழம் திருடி ஓடியவர்களைச் சுட்ட காவலிருந்தவரை 1920இல் ஜெர்மானிய உயர் நீதிமன்றம் குற்றமற்றவர் என்றதே என்றும் காட்டலாம். ஜெர்மனியின் பிற்காலச் சட்டச் சிந்தனை அப்படிப்பட்ட அப்பட்டமான ஏற்றத்தாழ்வை ஏற்பதில்லை. 1950ஆம் ஆண்டின் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை, உயிர்பறிக்கும் பலத்துக்கு விலக்கு தரும் இடத்தில் மனிதரை வன்முறையிலிருந்து காப்பதைச் சொல்கிறது, சொத்தைச் சொல்லவில்லை. டெக்சாஸ் ஒரு விதிவிலக்காகத்தான் நிற்கிறது.

1860ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு, பழைய 103இன் பட்டியலை ஏறத்தாழ அப்படியே வைத்திருக்கிறது. திருட்டு மின்வேலியில் மனிதர் இறந்தால் வேலி கட்டியவர்மீது 105ஆம் பிரிவின்கீழ் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமோ, 106ஆம் பிரிவின்கீழ் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றமோ சாட்டப்படலாம். பின்னதற்கு முன்பு இரண்டாண்டாக இருந்த உச்ச சிறைத்தண்டனை இப்போது ஐந்தாண்டு.