பாஸ்டன் நகரத்துப் பனிக்கட்டி

யவனர் மதுவும் சீனத்துப் பட்டும் மிகப் பழங்காலத்திலேயே கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தன. நெடுநாட் பயணத்தைத் தாங்கும் பொருள்கள் அவை. ஆனால், வழியிலேயே உருகி நீராகிவிடும் ஒரு பொருளைப் பாதி உலகம் சுற்றிக் கொண்டுவந்து விற்க இயலுமா? 1833-ஆம் ஆண்டில் இவ்வினாவுக்கு விடை கிடைத்தது. அவ்வாண்டில்தான் அமெரிக்கப் பனிக்கட்டி முதன்முதலாகக் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கியது.

அதற்கு முன் நம் நாட்டார் பனிக்கட்டியை அறியாதவர் அல்லர். மொகலாய மன்னர்களுக்கு இமயமலைப் பகுதியிலிருந்து பனி கொண்டுவரப்பெற்றது. வங்காளத்து ஹூக்ளியில், குளிர்கால இரவுகளில் வைக்கோல் பரப்பிய குழிகளில் அகன்ற மண்தட்டுகளை வைத்து நீர் வார்ப்பர். விடிவதற்குள் அந்நீர் மெல்லிய தகடாக உறையும். எனினும் அப்பனி தூய்மையற்றது, அளவிலும் சிறிது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர் இருந்தார். அவர் வாழ்ந்த பகுதியில் ஏரிகள் குளிர்காலந்தோறும் உறைந்து, வேனிலில் வீணே கரைந்தன. அப்பனியை வெட்டி வெப்ப நாடுகளில் விற்கலாம் என அவர் எண்ணினார். 1806-இல் மார்டினிக் தீவுக்கு ஒரு கப்பல் நிறைய அனுப்பினார். ஊரார் நகைத்தனர். தீவில் அதனைச் சேமித்து வைக்கக் களஞ்சியம் இல்லை. ஆகவே பெரும்பகுதி உருகி நட்டமே மிஞ்சியது. பின்னர்க் கடனுக்காகச் சிறைவாசமும் நேர்ந்தது. ஆயினும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை.

பனியை வெட்டுவதைக் காட்டிலும் காப்பதே கடினம் என்பதை அவர் கண்டறிந்தார். 1825-இல் நத்தானியல் வையத் என்பவர் குதிரை இழுக்கும் வெட்டுகருவி ஒன்றை அமைத்தார். அதனால் கட்டிகள் ஒரே அளவில் கிடைத்தன. அவற்றை இடைவெளியின்றி அடுக்க முடிந்தது. மர அறுவை ஆலைகளில் கழிவாகக் கிடந்த மரத்தூள் வெப்பத்தைத் தடுத்தது. இந்தியச் சரக்கை ஏற்றிச் செல்லக் கல்கத்தாவுக்கு வந்த அமெரிக்கக் கப்பல்கள் வரும்போது போதிய சரக்கின்றி வந்தன. ஆதலால் கப்பற் கூலியும் குறைவாயிருந்தது.

1833 மே மாதத்தில் 'டஸ்கனி' என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு திங்களுக்குப்பின் செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது, ஏறக்குறைய 100 டன் எஞ்சியிருந்தது. அரசாங்கம் சுங்க வரியை நீக்கியது. வெயில் தாக்காதவாறு இரவில் சரக்கை இறக்கவும் இசைந்தது. தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் பிரபு, அதனைக் கொண்டுவந்தவருக்கு வெள்ளிக் கோப்பை பரிசளித்தார். நகரத்தார் நன்கொடை திரட்டிப் பனிக்கட்டிக் களஞ்சியமும் எழுப்பினர். 1842-இல் சென்னைக் கடற்கரையிலும் அத்தகைய களஞ்சியம் எழுந்தது. வெள்ளையர் இல்லங்களும் செல்வர் மனைகளுமே அப்பனியின் பயனைப் பெரிதும் துய்த்தன.

இவ்வாணிகம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே நிலவியது. இயந்திரத்தின் உதவியால் பனிக்கட்டியை நம் நாட்டிலேயே செய்யும் ஆலைகள் தோன்றின. 1880-களில் கடல் கடந்து வந்த பனிக்கு வேலையில்லாது போயிற்று. எவரும் தடை விதித்து அதனை நிறுத்தவில்லை; உள்நாட்டில் எளிதாகக் கிடைத்ததால் அது தானாகவே நின்றது. சென்னைக் களஞ்சியம் கைமாறிக் குடியிருப்பு மாளிகையாயிற்று. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். 1963-இல் அது 'விவேகானந்தர் இல்லம்' எனப் பெயர் பெற்றது.

மாணவர்கள் இவ்வரலாற்றில் ஒன்றைக் கருதுதல் வேண்டும். ஏரியில் கரைந்த பனி, ஆலையில் கிடந்த மரத்தூள், கப்பலில் இருந்த வெற்றிடம் ஆகிய மூன்றும் எவரும் மதியாதவை. அவற்றை ஒன்று கூட்டிய அறிவே வாணிகமாயிற்று. அதனினும் மேம்பட்ட அறிவு நம் ஊரிலேயே ஆலையாக எழுந்தபோது, அவ்வாணிகம் முடிந்தது. ஒரு நாடு எதனை வெளியிலிருந்து வாங்குகிறது என்பது, அந்நாள்வரை அது எதனைச் செய்யக் கற்கவில்லை என்பதையும் பலவேளை உணர்த்துகிறது.